ஓனர் சார், அந்த ஜன்னலுக்கு எப்ப பெயின்ட் அடிச்சீங்க?

திருவண்ணாமலையில வாடகைக்கு வீடு தேடிப் பாருங்க மக்களே, நேர்முகத் தேர்வு தோத்துடும். எத்தனை பேரு, என்ன வேலை, நான்வெஜ் சமைப்பீங்களா, சொந்த ஊரு எது (அதாவது என்ன சாதி), சுவத்துல ஆணி அடிப்பீங்களா... கேட்கட்டும், அவங்க வீடு. ஆனா கேள்வி எப்பவும் ஒருவழிப் பாதையாவே ஓடுதே, அதுதான் எனக்கு உறுத்துது.

நான் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "சார், இந்தக் கிரில்லுக்கும் ஜன்னலுக்கும் எந்த வருஷம் எனாமல் அடிச்சீங்க? ஈயம் கலந்த பெயின்ட்டா?"

"ஈயமா? அது பாத்திரத்துக்குப் பூசறதாச்சே தம்பி!"ன்னாரு ஒரு ஓனர். அவர் மேல தப்பே இல்லை. பாத்திரத்துக்குப் பூசறது, ரசம் வைக்கிற ஈயச்சொம்பு எல்லாம் வெள்ளீயம். நான் கேட்டது காரீயம். பேர்ல அண்ணன் தம்பி, குணத்துல சம்பந்தமே இல்லை. காரீயம் நரம்பு மண்டலத்தைத் தாக்குற விஷம். இவ்வளவு வரைக்கும் பாதுகாப்புன்னு சொல்ல ரத்தத்துல ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பெரியவங்களை விட சின்னக் குழந்தைங்க உடம்பு நாலஞ்சு மடங்கு அதிகமா அதை உறிஞ்சிக்குமாம்.

எனாமல் பெயின்ட்டுல பளிச்சுனு நிறம் வரவும், சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்களைக் கலந்தாங்க. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் ரொம்ப சந்தேகத்துக்குரிய நிறங்கள். நம்ம ஊர் கதவு, கிரில், ஜன்னல்களைக் கொஞ்சம் மனசுல ஓட்டிப் பாருங்க. ஜன்னலைத் திறந்து மூடுறப்போ உரசி உரசித் தூள் கொட்டும். குழந்தை அதே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கும், அப்புறம் விரலை வாயில வைக்கும். அவ்வளவுதான் கதை.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லீங்க. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன்னு ஒரு டாக்டர், குழந்தைகளுக்கு வர்ற ஈய நஞ்சுக்குக் காரணம் வராண்டா கம்பிகளில் அடிச்ச பெயின்ட்தான்னு 1904லேயே எழுதிட்டார். நூறு வருஷம் தாண்டியாச்சு. நம்ம ஊர் நிலைமை? சென்னையில 3 முதல் 7 வயசு வரை உள்ள 756 குழந்தைகளைச் சோதிச்ச ஒரு ஆய்வு 2009ல வெளியாச்சு. ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல சராசரியா 11.4 மைக்ரோகிராம் ஈயம். இது முழுக்க பெயின்ட்டால வந்ததுன்னு நான் சொல்ல வரலை, ஈயம் உள்ளே போக வழிகள் பல. ஆனா ஒரு வழி நம்ம வீட்டு ஜன்னல் கம்பியிலேயே இருக்கு.

சரி, சட்டம்? இருக்கு. வீட்டு உபயோக பெயின்ட்டுல பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல ஈயம் கூடாதுன்னு மத்திய அரசு விதி 2016 நவம்பரில் வெளியாகி, ஒரு வருஷம் கழிச்சு நடைமுறைக்கு வந்தது. நல்ல விஷயம். ஆனா அது டப்பாவுக்கான சட்டம். ஏற்கெனவே கதவுல ஏறி உட்கார்ந்த பெயின்ட்டைப் பத்தி மூச்சு விடலை.

இப்ப அமெரிக்காவைப் பாருங்க. வீட்டு பெயின்ட்டுல ஈயத்தை 1978ல தடை பண்ணினாங்க. அப்புறம் பழைய வீடுகளை என்ன பண்றதுன்னு யோசிச்சு 1992ல சட்டம் போட்டு, 1996ல நடைமுறைப்படுத்தினாங்க. 1978க்கு முன்னால கட்டின வீட்டை வாடகைக்கு விட்டா, ஈய பெயின்ட் பத்தி ஓனருக்குத் தெரிஞ்சதை எழுதிக் கொடுக்கணும், ஒரு விளக்கக் கையேடு கொடுக்கணும், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அதுல ஓட்டையும் உண்டு. ஓனர் சோதனை பண்ணியே ஆகணும்னு கட்டாயம் இல்லை, "எனக்குத் தெரியாது"ன்னு டிக் அடிச்சுட்டுப் போயிடலாம். ஆனா அந்தக் காகிதத்தைப் படிக்கிற தாய்க்கு விஷயம் தெரிஞ்சு போகுதே! அதுதான் லாபம்.

நியூஜெர்சியில பழைய அபார்ட்மென்ட்டுல குடியேறும்போது நம்ம பசங்களும் இந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டுத்தான் சாவி வாங்குறாங்க. அவங்கள்ல ஒருத்தருக்கு செங்கம் ரோட்டுல வாடகைக்கு விட்ட வீடு இருந்தா, அங்கே குடியிருக்கிற குழந்தைக்கு மட்டும் எந்தக் காகிதமும் கிடையாது. ஒரே ஆளு, அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயமா?

நம்ம தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், பதிவு பண்ணணும். வேற மாதிரி பேசி எழுதிக்காத வரைக்கும் வெள்ளையடிக்கறதும், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கறதும் ஓனர் பொறுப்புன்னே அதுல இருக்கு. அப்ப, என்ன பெயின்ட் அடிச்சேன்னு ஒரு வரி எழுதுறதும் அவர் பொறுப்புதானே? நான் கேட்கிறது இவ்வளவுதான்:

1. வீடு கட்டின வருஷம், கடைசியா எனாமல் அடிச்ச வருஷம் ரெண்டும் ஒப்பந்தத்துல வரணும். அமெரிக்காவுக்கு 1978 மாதிரி நமக்கு 2017தான் கோடு.

2. 2017க்கு முந்தினதுன்னா "ஈயம் இருக்கலாம்"னு தமிழ்ல ஒரு வரி.

3. குடித்தனம் இருக்கும்போது பழைய பெயின்ட்டை உலர உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. தண்ணி தெளிச்சு ஈரமாத்தான் சுரண்டணும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது.

மூணாவதுதான் இந்த ஊருக்கு ரொம்ப முக்கியம். தீபம் சீசன் வாடகைக்காக ஐப்பசியிலேயே சுரண்டல் ஆரம்பிச்சுடும் (ரெண்டு அர்த்தத்துலயும் தான் :-)). தூள் பறக்கும், பக்கத்து போர்ஷன்ல குழந்தை தவழும். உரியாம கெட்டியா இருக்கிற பழைய பெயின்ட் பெரிசா தொல்லை பண்ணாது. அழகு பண்றேன்னு உலரத் தேய்க்கும்போதுதான் வீடு முழுக்கப் பரவுது.

"எங்க தாத்தா காலத்துல இருந்து இப்படித்தான், யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்பாங்க. தாத்தா காலத்துச் சுவத்துல சுண்ணாம்பு சார்! அதுல ஈயம் கிடையாது. அப்புறம், ஈயம் வாந்தி பேதி மாதிரி உடனே காட்டிக் கொடுக்காது. பையன் மந்தமா இருக்கான், கவனமில்லைன்னு நாலு அடி போட்டுட்டுப் போயிடுவோம். ரத்தம் சோதிச்சாத்தான் தெரியும்.

"செலவாகும்"னு இன்னொரு குரல். ஒரு வரி எழுத என்ன சார் செலவு? பத்து மாச அட்வான்ஸ் கேட்கத் தெரியுது (வேற மாதிரி பேசி எழுதிக்காத வரைக்கும் சட்டப்படி மூணு மாசத்துக்கு மேல கேட்கக் கூடாது, அது தனிக் கதை), ஒரு வரி எழுதத் தெரியாதா?

ஆணி அடிச்சா சுவர் பாழாகும்னு கவலைப்படற ஓனர்களே, அந்தக் கவலையில கால்வாசியை அதே வீட்டுல தவழ்ற குழந்தைக்கும் ஒதுக்குங்க.

டிஸ்கி: படிக்கிற நீங்களே ஓனரா இருந்தா டென்ஷன் ஆகாதீங்க. அடுத்த முறை பெயின்ட் வாங்கும்போது டப்பாவுல ஈயம் 90க்குள்ளன்னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. அந்த ரசீதை ஜெராக்ஸ் எடுத்து குடியிருக்கிறவங்க கையில கொடுங்க. சட்டம் மெதுவா வரட்டும்.