எல்லோரும் கேட்கும் இரகசியம்

பிறர் தமக்குள் பேசிக்கொள்வதை ஒட்டுக் கேட்பது பண்புடையார் செயலன்று என நம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே நாம் கற்பிக்கின்றோம். ‘பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே’ என்னும் பழமொழியும் ஒட்டுக் கேட்பாருக்கு அஞ்சி எழுந்ததேயாகும். ஆயின், ஒட்டுக் கேட்பதற்கென்றே ஒரு கருவியைக் கையில் ஏந்திக்கொண்டு, குடும்பம் குடும்பமாக மக்கள் சென்று கூடுகின்ற இடம் ஒன்று உண்டு. அங்கே கேட்பவர் நாணுவதில்லை, பேசுபவர் சினப்பதுமில்லை. அவ்விடம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மோட்டார்ப் பந்தயத் திடல். அக்கருவி ‘ஸ்கானர்’ எனப்படும் கை வானொலி. அதன் இயல்பையும் பயனையும் இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

அந்நாட்டில் 1948ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ‘நாஸ்கார்’ என்னும் சங்கத்தின் பந்தயங்கள் பெரும் புகழ் வாய்ந்தவை. அவற்றுள்ளும் புளோரிடா மாநிலத்து டேற்றோனாத் திடலில் 1959 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் 500 மைல் பந்தயம் தலையாயது. இரண்டரை மைல் சுற்றளவுடைய அத்திடலை ஏறக்குறைய நாற்பது வண்டிகள் 200 முறை சுற்றுகின்றன. மணிக்கு 190 மைல் வேகமென்றால், ஒரு விநாடியில் ஏறக்குறைய 85 மீற்றர் கடந்துவிடுகின்றன என்பது பொருள். பார்வையாளரின் முன்னே வண்டிக் கூட்டம் இடிமுழக்கத்தோடு தோன்றி மறைகின்றது. மீண்டும் சுற்றி வருகின்றது. முன்னணியில் நின்றவர் எதனால் வேகத்தைக் குறைத்தார், பின்னால் வந்தவர் ஏன் திடீரென ஒதுங்கினார் என்பன போன்ற வினாக்களுக்குக் கண் விடை கூறாது. விடையெல்லாம் காற்றில் வானொலி அலைகளாகப் பறந்துகொண்டிருக்கின்றது.

சாரதி தனியே இருந்து வண்டியைச் செலுத்தினாலும் அவர் தனியராகப் போட்டியிடுவதில்லை. திடலின் ஓரத்திலே நிற்கும் குழுத் தலைவர், எரிபொருள் எவ்வளவு எஞ்சியிருக்கும், ரயர்களை எந்தச் சுற்றில் மாற்றலாம் என்பவற்றைக் கணக்கிட்டு உடனுக்குடன் அறிவிக்கின்றார். பார்வையாளர் மண்டபத்தின் உச்சியிலே ‘ஸ்பொட்டர்’ எனப்படும் கண்காணிப்பாளர் நிற்கின்றார். தலையும் தோளும் அசையாதபடி இறுகப் பிணிக்கப்பட்டிருக்கும் சாரதிக்குப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தல் அரிது. ஆகவே அவருடைய கண்ணாக இருப்பவர் இக்கண்காணிப்பாளரே. ‘உட்புறம் ஒரு வண்டி’, ‘வெளிப்புறம் ஒரு வண்டி’, ‘இடம் உண்டு, செல்லலாம்’ என்று அவர் கூறும் சில சொற்களை நம்பியே, விரலிடை நெருக்கத்திலும் சாரதி வண்டியைத் திருப்புகின்றார். இவ்வழக்கம் பழமையானது. டேற்றோனாக் கடற்கரையில் 1952ஆம் ஆண்டிலேயே அல் ஸ்டீவன்ஸ் என்பவர் தம் வண்டியிலிருந்து இருவழி வானொலி மூலம் தம் குழுவினரோடு பேசிக்கொண்டு போட்டியிட்டார்.

இப்பேச்சுகளைப் பொதுமக்களுக்கும் கேட்கச் செய்வதே ஸ்கானரின் தொழில். வீட்டிலுள்ள சாதாரண வானொலியை ஒரு நிலையத்தில் நிறுத்தினால், நாம் திருப்பும்வரை அது அங்கேயே நிற்கும். ஸ்கானரோ நீண்ட விறாந்தையிலே நடந்து செல்லும் ஒருவரைப் போன்றது. அவர் ஒவ்வோர் அறைக் கதவையும் கணப்பொழுது திறந்து பார்க்கின்றார். உள்ளே பேச்சில்லையேல் அடுத்த கதவுக்குச் செல்கின்றார். பேச்சு இருந்தால் அங்கேயே நின்று கேட்கின்றார். பந்தயக் குழுக்கள் பெரும்பாலும் 450 முதல் 470 மெகாஹேற்ஸ் வரையுள்ள அலைவரிசைகளில், குழுவுக்கொன்றாகப் பேசுகின்றன. அவ்வெண்களைக் கருவியின் ஞாபகத்தில் முன்கூட்டியே பதித்துவிட்டால், அது ஒரு விநாடியில் பல பத்து அலைவரிசைகளைத் தட்டிப் பார்த்து வரும். எடுத்துக்காட்டாக, யுனிடென் நிறுவனத்தின் ‘பெயர்கற் பீ.சீ. 125 ஏ.ரீ.’ என்னும் கருவி 500 அலைவரிசைகளைப் பத்துத் தொகுதிகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். சிறிய பற்றரி இரண்டு அதற்குப் போதும்.

இத்தகைய கருவியொன்றில் கவனிக்கத்தக்க அம்சங்கள் எவை? முதலாவது, பெயர் காட்டும் வசதி. நாற்பது குழுக்களின் அலைவரிசை எண்களை மனனம் செய்தல் எவர்க்கும் இயலாது. அவ்வெண்ணுக்குப் பதிலாக வண்டியின் இலக்கமோ சாரதியின் பெயரோ திரையில் தோன்றினால், யார் பேசுகின்றார் என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும். இரண்டாவது, நிறுத்திக் கேட்கும் வசதி. நம் அபிமானச் சாரதி வெற்றியை நெருங்கும் வேளையில், கருவி அவரை விட்டு வேறொருவரிடம் ஓடிவிடலாகாது. மூன்றாவது, விலக்கி வைக்கும் வசதி. ஓயாது இரைச்சல் தரும் அலைவரிசையை ஒரு பொத்தானை அழுத்தி ஒதுக்கிவிடலாம். நான்காவது, தாமதித்து நிற்கும் வசதி. வினா முடிந்தவுடன் கருவி நகர்ந்துவிட்டால் விடையைக் கேட்க முடியாது. ஆகவே இரண்டொரு விநாடி காத்திருக்கும் தன்மை வேண்டும். ஐந்தாவது, முதன்மை வசதி. ஓர் அலைவரிசையை முதன்மையாகக் குறித்துவிட்டால், வேறெதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் அங்கே பேச்செழுந்தவுடன் கருவி அதற்குத் தாவும். பந்தய அதிகாரிகளின் அலைவரிசையை இவ்வாறு குறித்து வைப்போர் உளர். அன்றியும், ஒரு குழு இடையிலே அலைவரிசையை மாற்றினால், அருகில் எழும் வலிய அலையைத் தானே கண்டுபிடிக்கும் ஆற்றலும் சில கருவிகளுக்கு உண்டு.

இவற்றினும் பெற்றோர் கருத்திற் கொள்ளவேண்டியது செவிக் கருவியாகும். பந்தயத் திடலின் ஓசை 100 டெசிபெலையும் கடக்கவல்லது. தொழிலாளர் நலனை ஆராயும் அமெரிக்க அரசாங்க நிறுவனம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபெல் என எல்லை வகுத்துள்ளது. அதே கணக்கின்படி 100 டெசிபெல் ஓசையைக் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்டல் தீது. பந்தயமோ மூன்று நான்கு மணி நேரம் நீடிக்கும். ஆதலின், காதை முழுதும் மூடி வெளியோசையைத் தணிக்கும் செவிக் கருவியே உகந்தது. அஃது ஒரே வேளையில் பேச்சைக் கேட்பிக்கவும் செவியைக் காக்கவும் செய்கின்றது. கிளை இணைப்பொன்றைப் பொருத்தினால் தந்தையும் மகளும் ஒரே கருவியிலிருந்து ஒரே பேச்சைக் கேட்கலாம். ஆயினும், வெளியோசையை வெல்ல வேண்டுமென்று கருவியின் ஒலியை மிக உயர்த்துவோர், காப்பென அணிந்ததையே கேடாக்கிக்கொள்கின்றனர்.

இனி, இதனால் விளையும் பயன் வெறும் பொழுதுபோக்குத்தானா என மாணவர் வினவலாம். அன்று என்பதற்கு 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆந் திகதி வேர்ஜினியா மாநிலத்து றிச்மண்ட் நகரில் நடந்த பந்தயமே சான்று. அவ்வாண்டின் இறுதிக் கட்டப் போட்டிக்கு உரியோர் பன்னிருவரும் அன்றிரவு முடிவாக வேண்டியிருந்தது. ஏழு சுற்றுகள் எஞ்சியிருக்கையில், முன்னணியில் ரையன் நியூமன் சென்றுகொண்டிருந்தார். வென்றால் அவருக்கு இடம் உறுதி. அவ்வேளையில் கிளின்ற் போயரின் வண்டி சுழன்று நின்றது. எச்சரிக்கைக் கொடி உயர்ந்தது. பந்தயத்தின் போக்கே மாறியது. பின்னர், போயரின் குழுவைச் சேர்ந்த பிரையன் விக்கர்ஸுக்கு, வண்டியைத் திடலினின்றும் ஒதுக்கிக் கொண்டுவருமாறு வானொலியிலே பணிப்புக் கிடைத்தது. முடிவில் இடம் பெற்றவர் அதே குழுவின் மூன்றாம் சாரதியான மாட்டின் ட்ரூயெக்ஸ். இடம் இழந்தோர் நியூமனும் ஜெஃப் கோர்டனும்.

திடலிலே கண்ணாற் பார்த்தோர்க்கு அவை தற்செயலாக நிகழ்ந்தவை போலவே தோன்றியிருக்கும். ஆயின் பேச்சுகள் காற்றிலே பகிரங்கமாகச் சென்றிருந்தன, பதிவும் செய்யப்பட்டிருந்தன. அவற்றைப் பரிசீலித்த நாஸ்கார் இரண்டு நாட்களின் பின் தீர்ப்பளித்தது. போயர் வேண்டுமென்றே வண்டியைச் சுழற்றினார் என்பதற்கு முடிந்த முடிபான சான்று இல்லையென்றது. ஆனால் விக்கர்ஸுக்கு இடப்பட்ட பணிப்பு போட்டியின் முடிவைத் திரிக்க முயன்றதெனக் கண்டது. குழுவுக்கு 300,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. சாரதி மூவர்க்கும் ஐம்பது ஐம்பது புள்ளிகள் குறைக்கப்பட்டன. ட்ரூயெக்ஸ் இடமிழந்தார், நியூமன் அவ்விடத்தைப் பெற்றார். வேறு குழுக்களின் வானொலிப் பேச்சுகளும் ஐயத்தைக் கிளப்பவே, கோர்டன் பதின்மூன்றாமவராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

அதன் பின் வகுக்கப்பட்ட விதிதான் நம் சிந்தனைக்குரியது. கண்காணிப்பாளர் மேடையில் குழுவுக்கு ஒருவர் மட்டுமே நிற்கலாம் என்றும், பிறர் கேட்கவியலாத எண்முறை வானொலிகள் அங்கே ஆகா என்றும், எல்லோரும் ஸ்கானரிற் கேட்கத்தக்க வானொலியையே உபயோகிக்க வேண்டும் என்றும் நாஸ்கார் கட்டளையிட்டது. களவைத் தடுக்க அச்சங்கம் கதவைப் பூட்டவில்லை. மாறாகக் கதவைத் திறந்து வைத்தது.

எல்லாப் பந்தயங்களிலும் நிலைமை இவ்வாறில்லை. ‘போர்முலா வண்’ பந்தயங்களிலே குழுக்களின் பேச்சு மறைகுறியாக்கப்பட்டுச் செல்கின்றது. இரசிகர் கையிலுள்ள ஸ்கானர் அங்கே ஊமையே. தொலைக்காட்சியிலும் இணையத்திலும் எதனை வெளியிடுகின்றார்களோ அதனை மட்டுமே அவர் கேட்கலாம். பிறர் தெரிந்து கொடுப்பதைக் கேட்பதற்கும், தாமே தெரிந்து கேட்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. நாஸ்கார் பந்தயப் பேச்சுகளையும் இன்று கைத்தொலைபேசியில் இணையத்தின் வழியே கேட்கலாம் என்பது உண்மையே. எனினும் இணையம் சில விநாடிகள் பிந்தியே வருகின்றது. வண்டி கண்முன்னே சென்று மறைந்தபின் அதற்குரிய சொல் வந்து என்ன பயன்? வானொலி அலையில் அத்தாமதம் இல்லை.

இக்கருவியை வாங்க எண்ணுவோர்க்கு இரண்டொரு வார்த்தை. அலைவரிசைப் பட்டியல் மாறக்கூடியது. பழைய பட்டியலை நம்பிச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும். அமெரிக்கத் திடல்களிலே புதிய பட்டியலை விற்போரும், எண்களைப் பதித்த கருவியை ஒரு நாளுக்கு வாடகைக்குக் கொடுப்போரும் உளர். ஒருமுறை மட்டும் பந்தயம் பார்க்கச் செல்வோர்க்கு வாடகையே சிக்கனம். நெருக்கடியிலே சாரதிகள் கடுஞ்சொற்களும் கூறுவர். சிறுவர் செவியில் எதனை அணிவிக்கின்றோம் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. அன்றியும், வானொலி அலைகளைக் கேட்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். தாராளமாகக் கேட்க இடமளிக்கும் அமெரிக்காவே, கைத்தொலைபேசி உரையாடலைப் பிடிக்கவல்ல ஸ்கானர்களின் உற்பத்தியை 1994 முதல் தடை செய்துள்ளது.

இத்தடையையும் றிச்மண்டின் பின் எழுந்த விதியையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு மாணவர்களை வேண்டுகின்றோம். ஒருவர் தம் இல்லத்தாரோடு பேசுவது அவருக்கே உரியது. அதனைக் கேட்கப் பிறர்க்கு உரிமையில்லை. பொதுமக்கள் பணங்கொடுத்துப் பார்க்கும் போட்டியில் வெற்றி தோல்வியை நிர்ணயிக்கும் பேச்சோ அவ்வாறானதன்று. முன்னையதை மூடி வைப்பதும் பின்னையதைத் திறந்து வைப்பதும் ஒரே நீதியின் இரு பக்கங்களேயாம். ஒட்டுக் கேட்கலாகாது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில் மாற்றமில்லை. எந்தப் பேச்சு தனி மனிதருக்கு உரியது, எந்தப் பேச்சு ஊராருக்கும் உரியது என்பதையும் அவர்களுக்குச் சேர்த்தே சொல்லிக் கொடுப்போமாக.