வீட்டில் கற்ற தமிழுக்குக் கல்லூரியில் மதிப்பு

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், ஆங்கிலமல்லாத ஒரு மொழியில் தமக்குள்ள தேர்ச்சியைப் பரீட்சை எழுதிக் காட்டினால், கல்லூரியில் அந்த மொழிப் பாடத்தைப் படித்து முடித்ததாகவே கணக்கில் வைத்துக் கொள்வதுண்டு. நம் ஊர் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றும். வகுப்பில் உட்காராமல், வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாமல், பாடத்துக்கு மதிப்பா என்று கேட்பார்கள். நம்முடைய அபிப்பிராயத்தில் இது மிகவும் நியாயமான ஏற்பாடு. அதில் தமிழ்க் குழந்தைகளுக்குக் கிடைத்திருக்கும் இடம்தான் போதாது.

முதலில் பணக் கணக்கு. அங்கே பட்டம் பெற 'கிரெடிட்' சேர்க்க வேண்டும். பி.ஏ. பட்டத்துக்குச் சாதாரணமாக 120 கிரெடிட். ஒரு பாடத்துக்கு மூன்று அல்லது நான்கு. கல்லூரிச் சம்பளம் பெரும்பாலும் இந்தக் கிரெடிட்டை ஒட்டியே ஏறுகிறது. சேருவதற்கு முன்பே எட்டுப் பத்துக் கிரெடிட்டைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையின் தகப்பனாருக்கு எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பெயர் பெற்ற வழி, 'காலேஜ் போர்டு' என்னும் ஸ்தாபனம் நடத்தும் ஏ.பி. பரீட்சை. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். மூன்றும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்குப் பல கல்லூரிகள் கிரெடிட் தருகின்றன. சில கல்லூரிகள் ஐந்துதான் வேண்டும் என்கின்றன. பரீட்சைக் கட்டணம் சுமார் 100 டாலர். ஸ்பானிஷில் இரண்டு, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், லத்தீன், சீனம், ஜப்பானியம் என்று மொழிப் பரீட்சைகள் மொத்தம் எட்டு. பேச்சு வழக்கொழிந்த லத்தீனுக்கு அதில் இடம் உண்டு. தமிழுக்கு இல்லை. ஹிந்திக்கும் அரபிக்கும்கூட இல்லை.

இதில் துவேஷம் எதுவும் இருப்பதாக நாம் நினைக்கவில்லை. பரீட்சை நடத்தச் செலவாகிறது; எழுத ஆள் வேண்டும். இத்தாலியனுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். அதற்கு 2006-ல் பரீட்சை தொடங்கினார்கள். எழுதுவோர் போதவில்லை என்று 2009-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். இத்தாலிய அரசாங்கமும் அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களும் பணம் திரட்டிக் கொடுத்த பிறகே 2012-ல் அது திரும்பி வந்தது. கொரிய மொழிக்கும் ஹீப்ரூவுக்கும் எஸ்.ஏ.டி. பாடப் பரீட்சைகளில் இடம் இருந்தது. 2021-ல் அந்தப் பரீட்சைகளையே அடியோடு எடுத்துவிட்டார்கள்.

தமிழுக்குத் திறந்திருப்பது வேறொரு வாசல். கலிபோர்னியா மாநிலம் 2011-ல் ஒரு சட்டம் செய்தது. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் எழுதப் படிக்கப் பேசத் தெரிந்த மாணவருக்குப் பள்ளிச் சான்றிதழில் இருமொழி முத்திரை குத்திக் கொடுப்பது என்று. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக அதைப் பின்பற்றிவிட்டன. எட்டு மொழிதான் என்ற வரம்பு இங்கே இல்லை. 'ஆக்ட்ஃபில்' என்ற மொழி ஆசிரியர் சங்கத்தின் அளவுகோலை வைத்துத் தேர்ச்சியை நிர்ணயிக்கிறார்கள். அந்த அளவுகோலின்படி நடக்கும் வாய்மொழித் தேர்வு தமிழிலும் உண்டு. எழுத்துத் தேர்வு கிடைக்காத மொழிகளுக்கு உள்ளூர்ப் பள்ளி நிர்வாகமே சோதித்து அங்கீகரிக்கவும் சில மாநிலங்கள் இடம் கொடுத்திருக்கின்றன.

வீட்டிலேயே பேசிப் பழகிய மொழிக்கு மதிப்பெண்ணா, அது இனாம் இல்லையா என்று ஒரு ஆட்சேபம் உண்டு. ஏ.பி. சீனப் பரீட்சையில் சுமார் பாதிப் பேர் ஐந்துக்கு ஐந்து வாங்குவதைச் சுட்டிக் காட்டுகிறார்கள். வீட்டில் சீனம் பேசும் பிள்ளைகள் அதில் நிறைய. இருக்கட்டுமே! அமெரிக்க வெளிநாட்டு இலாகா தன் தூதர்களுக்கு மொழி கற்பிக்கப் பள்ளி ஒன்று நடத்துகிறது. அதன் கணக்கில் ஸ்பானிஷுக்கு 30 வாரம். தமிழுக்கு 44 வாரம், வேறு வேலையின்றி முழுநேரப் படிப்பு. அரசாங்கம் சம்பளம் கொடுத்து 44 வாரம் உட்கார்த்திவைத்துக் கற்பிக்கும் ஒன்றை, ஒரு தாய் தன் வீட்டில் காசு வாங்காமல் கற்பித்தால் அதற்கு மட்டும் மதிப்பில்லையா? தேர்ச்சி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எங்கே உட்கார்ந்து படித்தான் என்பது அல்ல.

ஆனால் தேர்ச்சி இருக்கிறதா? இங்கேதான் நம்மவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். "என் பிள்ளைக்குத் தமிழ் நன்றாகப் புரியும்" என்று பெற்றோர் பெருமையாகச் சொல்வார்கள். புரியும், சந்தேகமில்லை. அம்மா தமிழில் கேட்பாள், பிள்ளை இங்கிலீஷில் பதில் சொல்லும். சாப்பாடு, துணிமணி, பாட்டியோடு டெலிபோனில் இரண்டு வார்த்தை. அதைத் தாண்டினால் தமிழ் தடுமாறுகிறது. ஆக்ட்ஃபில் அளவுகோலில் வாக்கியம் வாக்கியமாகப் பேசத் தெரிந்தவன் நடுநிலைக்காரன். நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் கோவையாக, பத்தி பத்தியாக விவரிக்கத் தெரிந்தவனே மேல்நிலை. அதற்குச் சமையலறைத் தமிழ் போதாது.

இன்னொரு சங்கடம் தமிழுக்கே உரியது. நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. "வந்துட்டாங்க" என்று பேசும் குழந்தை, எழுதும்போது "வந்துவிட்டார்கள்" என்று எழுத வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை "கதைக்கிறேன்" என்னும்; மதுரைப் பிள்ளை "பேசுறேன்" என்னும். வாய்மொழித் தேர்வில் இரண்டும் நல்ல தமிழ் என்று ஒப்புக்கொள்ளும் பரீட்சகர் தேவை. ஏட்டுத் தமிழில் பேசினால்தான் உயர்ந்த தேர்ச்சி என்று வைத்தால், எந்த வீட்டிலும் பேசாத மொழிக்குப் பரீட்சை நடத்தியதாக ஆகும். எழுத்துத் தேர்விலோ ஏட்டுத் தமிழ் வேண்டியதுதான். அதில் சலுகை கேட்க நமக்கு முகமில்லை.

வார விடுமுறையில் தமிழ்ப் பள்ளி நடத்தும் அன்பர்கள் கூலியில்லாமல் உழைக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தில் 247 எழுத்தையும் கற்பித்து, ஆண்டு விழாவுக்குப் பாட்டும் நாடகமும் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் நேரத்தில் பாதியை எடுத்து, ஒரு செய்தியைப் படித்து அதைப் பற்றிப் பேச வைத்தால் பரீட்சைக்கும் உதவும், பிள்ளைகளும் ஓடிப்போக மாட்டார்கள். பதினான்கு வயதில் தமிழ் வகுப்பைவிட்டு நழுவப் பார்க்கும் பையனுக்கு மொழிப் பற்று பற்றிய பிரசங்கத்தைவிட நாலு கிரெடிட் பெரிய கவர்ச்சி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முத்திரை பெற்ற எல்லோருக்கும் கிரெடிட் தானாக வந்துவிடாது. சில சர்வகலாசாலைகள் கட்டாய மொழிப் பாடத்திலிருந்து விலக்கு மட்டும் தந்து, கிரெடிட்டுக்குக் கையை விரித்துவிடுகின்றன. மின்னஸோட்டா மாநிலம் இந்த விஷயத்தில் மேல். 2014-ல் செய்த சட்டத்தின்படி, அந்த மாநிலக் கல்லூரித் தொகுதி இந்த முத்திரைக்குக் கிரெடிட் கொடுத்தே ஆக வேண்டும். தேர்ச்சி உயர உயரக் கிரெடிட்டும் உயரும். ஆனால் கேட்டால்தான் கொடுப்பார்கள். பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று கல்வி ஆண்டுகளுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். அங்கே இருக்கும் உறவினர்களுக்கு இதைத் தெரிவிக்க விரும்பும் வாசகர்கள் அந்தக் கெடுவையும் சேர்த்து எழுதவும்.