‘பேக்டர்’ ஊசி போட்டும் வீக்கம் வடியவில்லையா? ஹீமோபீலியா குடும்பங்கள் அறிய வேண்டிய ‘தடுப்பான்’

ஹீமோபீலியா உள்ள பிள்ளைக்கு முழங்கால் வீங்கினால் ‘பேக்டர்’ ஊசி போடப்படும், வீக்கம் வடியும். ஒரு நாள் அதே ஊசியைப் போட்டும் வீக்கம் குறையாவிட்டால், மருந்து கெட்டுவிட்டதோ, பிள்ளை அதிகம் ஓடியாடிவிட்டானோ என்றுதான் பெற்றோருக்குத் தோன்றும். ஆனால், காரணம் பிள்ளையின் இரத்தத்திலேயே இருக்கலாம். மருத்துவர்கள் அதை ‘இன்ஹிபிட்டர்’ என்பர். தமிழில் தடுப்பான் எனலாம்.

இரத்தம் உறைவதற்குப் பல காரணிகள் தேவை. அவற்றுள் 8ஆவது காரணி குறைந்தால் ஹீமோபீலியா ‘ஏ’. 9ஆவது குறைந்தால் ‘பி’. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவர் ‘ஏ’ வகையுடன் பிறக்கிறார். குறையும் காரணியை ஊசிவழி செலுத்துவதே வழக்கமான சிகிச்சை.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. நோய் கடுமையாக உள்ள பிள்ளையின் உடல் அந்தக் காரணியை முன்பு அறிந்ததில்லை. அதனால் மருந்தை அந்நியப் பொருளாகக் கருதி, அதை முடக்கும் எதிர்ப்பொருளை உருவாக்கிவிடுகிறது. கடுமையான ‘ஏ’ வகையினரில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு இந்நிலை வருகிறது. ‘பி’ வகையில் இது குறைவு. ஆனால் வந்தால் கடும் ஒவ்வாமையும் சேரக்கூடும்.

பெரும்பாலும் மருந்து பெறும் முதல் 50 நாள்களுக்குள் தடுப்பான் உருவாகிறது. இங்கு நாள் என்பது நாட்காட்டி நாளன்று. ஊசி போட்ட நாள் மட்டுமே கணக்கு. எப்போதாவது ஊசி பெறும் பிள்ளைக்கு அந்த 50 நாள் முடியப் பல ஆண்டுகள்கூட ஆகலாம்.

எந்த மருந்தில் ஆபத்து அதிகம்? 2016இல் வெளிவந்த ‘சிப்பெட்’ ஆய்வு 251 சிறுவர்களைக் கண்காணித்தது. மனித இரத்த பிளாஸ்மாவிலிருந்து எடுத்த மருந்து பெற்றோரில் 26.8 விழுக்காட்டினருக்கும், மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரான மருந்து பெற்றோரில் 44.5 விழுக்காட்டினருக்கும் தடுப்பான் உருவானது. இருப்பினும் மருந்து மட்டுமே காரணமல்ல. மரபணுக் குறையின் தன்மை, குடும்பத்தில் முன்பு யாருக்கேனும் தடுப்பான் வந்திருப்பது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும்.

தடுப்பானின் அளவு குறைவாக இருந்தால் கூடுதல் ‘பேக்டர்’ கொடுத்துச் சமாளிக்கலாம். அளவு மிகுந்தால் இரத்தத்தை வேறு வழியில் உறையவைக்கும் மாற்று மருந்துகள் தேவை. அவற்றின் விலை மிக அதிகம். மாதக்கணக்கில் இடைவிடாமல் ‘பேக்டர்’ செலுத்தி உடலைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. அது பலருக்குப் பலன் தந்தாலும், அடிக்கடி ஊசி போட வேண்டியிருப்பதால் மருத்துவமனைக்குத் தொலைவில் வாழும் தோட்டப்புறக் குடும்பங்களுக்குச் சுமையே.

தடுப்பான் உள்ளோருக்கு 2017இல் அமெரிக்கா அங்கீகரித்த ‘எமிசிசுமாப்’ நிலைமையை மாற்றியது. தோலுக்கடியில் போடும் இந்த ஊசியைத் தடுப்பானால் முடக்க முடியாது. எனினும், இது இரத்தக் கசிவு வராமல் காக்கும் மருந்து மட்டுமே. தொடங்கிவிட்ட கசிவை இது நிறுத்தாது. மாற்று மருந்துகளுள் ஒன்றை இதனுடன் அதிக அளவில் சேர்த்தால் ஆபத்தான இரத்தக்கட்டிகள் உண்டாகலாம். ஆகவே, எந்தக் கிளினிக்கிற்குச் சென்றாலும் பிள்ளை பெறும் மருந்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தடுப்பான் உள்ளதா என்பதை ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். ஒவ்வோர் ஊசியின் தேதி, அளவு, பலன் ஆகியவற்றைப் புத்தகத்தில் குறித்து வைப்பதும், பலன் குறையும்போதும் அறுவை சிகிச்சைக்கு முன்பும் அந்தப் பரிசோதனையைக் கேட்பதும் பெற்றோரால் முடிந்தவை. தடுப்பான் உருவாவது யாருடைய தவறுமல்ல. அதைத் தாமதமாகக் கண்டறிந்தால் பிள்ளையின் மூட்டுகள் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.