முள்ளென்று குத்தாதீர்கள்

மாணிக்கக்கல் வியாபாரத்துக்காக மடகஸ்கார், தன்சானியா, மொசாம்பிக் என்று போய்வருவோர் பேருவளைப் பக்கத்தில் அநேகர். வந்த கையோடு, "காலில் ஏதோ முள் ஏறியிருக்கிறது" என்று அவர்கள் சொன்னால், ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து விடாதீர்கள் சகோதரிகளே! அது முள்ளாக இல்லாமலும் இருக்கலாம்.

அந்நாடுகளின் மணலிலும் புழுதியிலும் ஒருவகைத் தெள்ளு உண்டு. 1 மில்லிமீற்றர் அளவுதான். பெண் தெள்ளு வெறுங்காலில் ஏறி, நக ஓரத்திலோ விரலிடுக்கிலோ உள்ளங்காலிலோ தோலைத் துளைத்துக் குடியேறிவிடும். வயிற்றில் முட்டை நிறைய நிறைய, இரண்டு வாரத்துக்குள் கடலை அளவுக்கு ஊதிவிடும். வெளியே தெரிவது ஒரு வெள்ளை வட்டமும் நடுவில் கரும்புள்ளியும். அந்தப் புள்ளி அதன் பின்புறம். சுவாசிப்பதும் முட்டைகளை வெளியே தள்ளுவதும் அதன் வழியேதான். இதன் தாயகம் ஆபிரிக்காவல்ல, அமெரிக்கக் கண்டம். 1872இல் பிரேசிலிலிருந்து வந்த கப்பலொன்றோடு அங்கோலாவில் இறங்கியது, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மடகஸ்கார் வரை போய்விட்டது. பயணிகளோடு பயணம் செய்வது அதற்குப் பழகிப்போன வேலை!

சில வாரங்களில் தெள்ளு தானாகவே செத்துவிடும். ஆபத்து நம் கைவேலையில்தான் இருக்கிறது. ஊசியாலும் பிளேட்டாலும் கிளறினால் அது உள்ளேயே பிய்ந்து, காயம் சீழ் வைக்கும். ஏற்புவலிக் கிருமியும் அந்த வழியே புகலாம். அது உயிரையே பறிக்கக்கூடியது. சீனி வருத்தத்தால் காலில் உணர்வு குறைந்தவர்களுக்கு வலி தெரியாமலே புண் பெருத்துவிடும். வுழூச் செய்யும்போது கால்விரல்களைக் கோதிக் கழுவுகிறோமே, அப்போது நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

டொக்டரிடம் போனதும் எந்த நாட்டில் இருந்தார், எப்போது வந்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நம் டொக்டர்கள் தினமும் காணும் நோயல்ல இது. சொல்லாவிட்டால் கால் ஆணிக்கு மருந்து வாங்கிக்கொண்டு வருவீர்கள். சுத்தமான கருவியால் முழுதாக எடுத்து, ஏற்புவலித் தடுப்பூசி தேவையா என்றும் பார்ப்பார்கள். ஆளிலிருந்து ஆளுக்கு நேரே தொற்றாது. பிள்ளைகளைத் தள்ளிவைக்கத் தேவையில்லை.

ஆபிரிக்காவில் ஈரத்துணியில் முட்டையிடும் ஈ ஒன்றும் இருக்கிறது. அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்து கட்டியாகும். கட்டியின் நடுவே சிறு துவாரமும், உள்ளே ஏதோ நெளிவது போன்ற உணர்வும் இருக்கும். இதையும் பிதுக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது மூடிய சப்பாத்தோடு சிறிய அயன் ஒன்றையும் வைத்துவிடுங்கள். அங்கே வெளியில் காயப்போட்ட சாரன், பனியன், படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் இருபுறமும் நல்ல சூட்டில் அயன் பண்ணியே பாவிக்க வேண்டும், தையல் ஓரங்களையும் விடாமல்.