மங்கு கழுவினால் மானம் போகுமா?



"நன்றாகப் படி, இல்லையேல் மங்கு கழுவத்தான் போவாய்!"

தேர்வுக் காலத் தன்முனைப்பு முகாம்களில் இவ்வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் செவி புளித்துவிட்டது. மேடையேறும் பேச்சாளர் சொல்கிறார், ஆசிரியர் சொல்கிறார், வீட்டில் அப்பாவும் சொல்கிறார். நல்ல நோக்கத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால், இவ்வாக்கியம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறதோ இல்லையோ, அவர்களின் வாயைக் கட்டிப்போடுகிறது. அஃது எப்படி என்று காட்ட, ஒரு பனிமலை வரைக்கும் உங்களை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

நியூசிலாந்தின் தென்தீவில், வகாட்டிப்பு ஏரிக்கரையில், குயின்ஸ்டவுன் என்றோர் ஊர். அதனருகே கொரோனெட் பீக், ரிமார்க்கபிள்ஸ் ஆகிய பனிச்சறுக்கு மலைகள். கொரோனெட் பீக்கில் 1947-ஆம் ஆண்டிலேயே இவ்விளையாட்டு வணிகமாகத் தொடங்கிவிட்டது. ஏறத்தாழ ஜூனில் தொடங்கி அக்டோபர் முற்பகுதி வரை பருவம். அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் ஊருக்குக் கூடுதலாக ஆள் வேண்டும். விடுதி அறைகளைத் துப்புரவு செய்ய, சறுக்குக் காலணிகளை வாடகைக்குக் கொடுத்து வாங்க, மலையேற்றும் தொங்கு நாற்காலிகளில் மனிதர்களை ஏற்றி இறக்க, சமையற்கட்டில் மங்கு கழுவ! பிரிட்டன், அர்ஜென்டினா, பிரேசில், சிலி எனப் பல நாட்டு இளையோர் இவ்வேலைகளுக்கு வருகின்றனர். மலேசியரும் போகின்றனர். 18 முதல் 30 வயதிற்குட்பட்ட மலேசியர்க்கு ஆண்டுக்கு 1,150 இடங்கள், ஆறு மாதத் தங்கல் என்று விடுமுறைக்கால வேலை விசா ஒன்றை நியூசிலாந்து வழங்குகிறது.

என் முன்னாள் மாணவி ஒருத்தி, பட்டம் பெற்ற கையோடு அங்கே ஒரு பருவம் போய் வந்தாள். உணவகச் சமையற்கட்டில் வேலை. ஆனால், உற்றார் உறவினரிடம் அவளின் தாயார் சொன்னதோ "விடுதி நிர்வாகப் பயிற்சி". படம் அனுப்பினால் பனிக்கு முன்னே நின்று அனுப்ப வேண்டும், சமையற்கட்டு கண்ணில் படக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை. முதலாளி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் எதுவும் தரவில்லை. சட்டம் சொன்ன ஊதியத்தைவிடக் குறைவாக ரொக்கமாய்க் கையில் கொடுத்தார். உடன் வேலை செய்த அர்ஜென்டினா இளைஞன் அரசாங்க இணையத்தளத்தைத் திறந்து காட்டியபோதுதான் அவளுக்குச் செய்தி புரிந்தது. அவன் நேரே போய்க் கேட்டான். சரிவரவில்லை என்றதும் விலகி, முறையிட்டான். இவள் பருவம் முடியும் வரை அதே குறைந்த கூலிக்குக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா நீயும் கேட்கவில்லை?" என்றேன்.

"முறையீடு, விசாரணை என்று போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே சார்! நான் மங்கு கழுவியதே யாருக்கும் தெரியாது" என்றாள்.

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, இந்த விடையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சுரண்டியவர் வெட்கப்படவில்லை. உழைத்தவள் வெட்கப்பட்டாள். அந்த வெட்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது குயின்ஸ்டவுன் அன்று. முகாமில் ஒலிபெருக்கி வைத்துக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்.

அவள் கேட்டிருந்தால் சட்டம் அவள் பக்கம் நின்றிருக்கும். அந்நாட்டில் வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1-ஆம் நாள் பெரியவர்க்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 23.50 நியூசிலாந்து டாலராக உயர்ந்தது. வாரம் 40 மணி நேரமென்றால், வரி பிடிப்பதற்கு முன் 940 டாலர். (அதே ஆண்டு பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது, ஒப்பீட்டை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.) பொது விடுமுறையில் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு. ஓராண்டு நிறையுமுன் விலகுகிறவர்க்கு, 2003-ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டப்படி, மொத்த வருமானத்தில் 8 விழுக்காடு விடுப்பூதியம். வேலை தருவதற்காக முதலாளி காசு கேட்பதை 1983-ஆம் ஆண்டின் ஊதியப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. மங்கு கழுவுகிறவர்க்கும் மேலாளர்க்கும் இவை பொது. இவற்றுள் ஒன்றையாவது நம் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? நாம் சொன்னதெல்லாம் 'அந்த வேலைக்குப் போகாதே' என்பது மட்டுந்தான்.

"வேலை கிடக்கட்டும் ஐயா, அங்கே குடியும் கூத்துமாமே?" என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். உண்மைதான். மாலையில் மலை அடைத்ததும் பணியாளர் கூட்டம் மதுக்கடைகளில் கூடுகிறது. ஆனால், அஞ்ச வேண்டியது அதற்கு மட்டுமா? குயின்ஸ்டவுனுக்கும் வனாகாவுக்கும் இடைப்பட்ட கிரவுன் ரேஞ்ச் சாலை 1,076 மீட்டர் உயரத்தில் ஏறி இறங்குவது. குளிர்காலத்தில் சாலை உறைந்து கண்ணாடியாகிவிடும். சக்கரத்தில் சங்கிலி பூட்ட வேண்டும். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடுதானே என்று அலட்சியமாக வண்டியெடுக்கும் பிள்ளையிடம் இதைப் பற்றிப் பேசினோமா? ஒருவர் எடுத்த வீட்டில் பத்துப் பேர் உள்வாடகைக்குப் படுத்தால், வாடகையாளர்க்குரிய சட்டப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்காமல் போகலாம் என்று சொன்னோமா? சறுக்கி விழுந்து கால் முறிந்தால் அந்நாட்டு விபத்து இழப்பீட்டுத் திட்டம் வெளிநாட்டவர் சிகிச்சைக்கும் உதவும்; காய்ச்சலென்றால் அது வராது, காப்புறுதி வேண்டும். இவையெல்லாம் குடியைப் போலப் பேச்சுக்குச் சுவையாக இல்லை போலும்!

அந்தக் கூட்டத்தோடு பழகுவதை நான் ஆதரிக்கிறேன். மது அருந்தச் சொல்லவில்லை. அமர்ந்து பேசச் சொல்கிறேன். அங்கே மேலாளரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். கூடுதல் நேரம் நிற்க முடியுமா என்று கேட்டால், முடியாதென்று சிரித்த முகத்தோடு சொல்கிறார்கள். நம் பிள்ளையோ "பாஸ்" என்று தலையாட்டிவிட்டு, அறைக்குப் போய் அழுகிறான். அவன் மௌனத்தை அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்கின்றனர். ஊதியம் எவ்வளவு, எந்த வீட்டுக்காரர் ஏமாற்றுவார், புயலடித்து மலையை மூடினால் எவருடைய வேலை நேரம் முதலில் வெட்டுப்படும் என்பனவெல்லாம் அந்தப் பேச்சில்தான் தெரியவரும். நம் நாட்டாரோடு மட்டும் ஓர் அறைக்குள் முடங்கி, சோறும் சம்பலும் ஆக்கித் தின்று, ஆறு மாதத்தில் திரும்புகிற பிள்ளைக்கு அவை தெரிய வழியில்லை.

"தோட்டத்தில் நம் முன்னோர் பட்டது போதாதா? படித்த பிள்ளையும் கூலிக்குப் போவதா?" என்பது அடுத்த வாதம். இது வலியிலிருந்து வருவது; இதை நான் எள்ளி நகையாட மாட்டேன். விடியுமுன் பெரட்டில் நின்று, கித்தா மரம் வெட்டிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். ஆனால், அவர்களை வருத்தியது மரம் வெட்டும் தொழிலா? கங்காணியின் கடன், கணக்குக் காட்டாத கூலி, எதிர்த்துப் பேசினால் வீடும் போகும் என்ற நிலை, இவையல்லவா? இன்று நம் பிள்ளை தானே இணையத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு முதலாளி சரியில்லை என்றால் அடுத்த வாரம் வேறிடம் போகலாம். அப்படியிருந்தும், தெரிந்த ஒருவர் மூலம் 'உறுதியான வேலை' என்று காசு கட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குத் தெரியாமல் போகிற பிள்ளைதான் இத்தகையோர் கையில் எளிதில் அகப்படும்.

இதற்கெல்லாம் புதிய பாடநூல் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் முறையீட்டுக் கடிதம் எழுதப் பழக்குகிறோம். ஆண்டாண்டு காலமாக அதே தலைப்புகள்: குப்பை அள்ளப்படவில்லை, கால்வாய் அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை. நகராண்மைக் கழகத்திற்கு எழுதி எழுதி மாணவர்க்கும் சலிப்பு, திருத்தும் நமக்கும் சலிப்பு. இம்முறை என் மாணவர்க்கு நான் கொடுக்கவிருக்கும் தலைப்பு இது: 'நீ ஓர் உணவகத்தில் மங்கு கழுவும் வேலை செய்கிறாய். ஒப்பந்தப்படி வரவேண்டிய ஊதியம் வரவில்லை. தொழிலாளர் இலாகாவிற்கு முறையீட்டுக் கடிதம் ஒன்று எழுதுக.' எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவு வரும் வரை பேரங்காடியில் நிற்கப்போகும் பிள்ளைக்கும் இக்கடிதம் உதவும். மற்றப் பள்ளி ஆசிரியர்களும் இத்தலைப்பைக் கொடுத்துப் பார்த்து, மாணவர் எழுதியதை எனக்குத் தெரிவித்தால் மகிழ்வேன்.