தலைகளின் எண்ணிக்கையா, செனட் இருக்கைகளா?

உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்காவில் புதிய மாநிலங்கள் சேர்க்கப்பட்டது வெறும் நிர்வாக நடைமுறை, 1787ஆம் ஆண்டின் வடமேற்குச் சட்டம் சொன்னபடி 60,000 பேர் சேர்ந்ததும் மாநில அந்தஸ்து கிடைத்தது, அடிமைமுறை பக்கச் சங்கதி மட்டுமே என்பது ஒரு வாதம். ஆவணங்கள் இதற்கு இடம் தரவில்லை.

1. 1819இல் அடிமை மாநிலங்கள் 11, சுதந்திர மாநிலங்கள் 11. மிசௌரிக்குள் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது என்ற பிரதிநிதி டால்மேஜின் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை ஏற்றது, செனட் தள்ளியது. மிசௌரிக்கு வழிவிட்டால்தான், சுதந்திர மாநிலமாகக் காத்திருந்த மெய்னுக்கு வழி என்று செனட் இரண்டையும் முடிச்சுப் போட்டது. மெய்னில் ஆள் குறைவா?

2. 1840 கணக்கெடுப்பில் புளோரிடாவின் மக்கள்தொகை 54,477. ஆனாலும் 1845இல் அயோவாவோடு ஒரே சட்டத்தில் அனுமதி கிடைத்தது. அடிமை மாநிலம் ஒன்று, சுதந்திர மாநிலம் ஒன்று. தற்செயலா?

3. 1858இல் கான்சாஸுக்கு அமெரிக்க காங்கிரஸ் வைத்த நிபந்தனை இன்னும் வெளிப்படை. அடிமைமுறையை அனுமதிக்கும் லெகாம்டன் அரசியலமைப்பை, குறைக்கப்பட்ட நிலமானியத்தோடு ஏற்றால் உடனே மாநிலம். மறுத்தால், ஒரு பிரதிநிதிக்குத் தேவையான மக்கள்தொகை சேரும்வரை காத்திருப்பு. ஆள்கணக்குதான் விதி என்றால், வாக்குக்கேற்ப அது மாறுவது எப்படி? வாக்காளர்கள் பெருவாரியாக மறுத்தார்கள்.

4. 1861 ஜனவரி 21 அன்று ஜெஃபர்சன் டேவிஸ் உள்ளிட்ட தென்மாநில உறுப்பினர்கள் செனட்டை விட்டு வெளியேறினர். அதே நாளில் கான்சாஸ் மசோதா அங்கே நிறைவேறியது. 29ஆம் தேதி கான்சாஸ் சுதந்திர மாநிலமானது. ஒரே நாளில் மாறியது கான்சாஸின் மக்கள்தொகை அல்ல, செனட்டின் பெரும்பான்மை.

மாநிலத்துக்கு இரண்டு செனட் இருக்கைகள். மக்கள்தொகையில் வடக்கு முந்தியதால் பிரதிநிதிகள் சபை தெற்கின் கையை விட்டுப் போயிருந்தது. செனட்டில் சமநிலை குலைந்தால் அடிமைமுறைக்கு அங்கும் காவல் இல்லை. மாநிலச் சேர்க்கையின் வரிசையையும் வேகத்தையும் பெரிதும் தீர்மானித்தது இந்தக் கணக்குதான்.