நிச்சயதார்த்த மோதிரம்: ‘லேப் வைரம்’ என்றாலே பசுமையா?

நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் வாங்கப் போறீங்களா? ‘இது கான்ஃப்ளிக்ட்-ஃப்ரீ சார்’ என்பார் கடைக்காரர். அந்தச் சொல்லின் அர்த்தம் நீங்கள் நினைப்பதைவிடக் குறுகலானது.

2003-ல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி சான்றளிப்பு முறை, அரசை எதிர்த்துப் போரிடும் கிளர்ச்சிக் குழுக்களுக்குப் பணமாகும் பட்டை தீட்டாத வைரங்களைத்தான் தடுக்கிறது. சுரங்கத் தொழிலாளியின் கூலி, குழந்தைத் தொழிலாளர், ஓர் அரசே நடத்தும் போர் எதுவும் அந்த வரையறையில் வராது. அதனால்தான் ரஷ்ய வைரங்களுக்கு ஜி7 நாடுகள் 2024-ல் தனியாகத் தடை போட வேண்டியிருந்தது.

சரி, லேப் வைரம்? வேதியியல்படி அதுவும் அசல் வைரம்தான்; விலையோ மிகக் குறைவு. 2023 பட்ஜெட்டில் மத்திய அரசு இதற்கு ஆராய்ச்சி நிதி அறிவித்தது. அது வந்தது நம்ம சென்னை ஐஐடிக்கு. ஆனால் சூரத் ஆலைகளில் மீத்தேன் கலந்த வாயுவைப் பிளாஸ்மாவாக்கி வைரம் வளர்க்க, வாரக்கணக்கில் இடைவிடாத மின்சாரம் வேண்டும். இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. எனவே, ‘எந்த கரண்ட்ல வளர்த்தது?’ என்று கேளுங்கள். விற்பனையாளர் முழிப்பார், பரவாயில்லை.

தங்கத்துக்கும் இதே கதை. 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைகளில் கட்டாயமான ஆறு இலக்க ஹெச்யூஐடி, தூய்மைக்குத்தான் உத்தரவாதம். எந்தச் சுரங்கம் என்று சொல்லாது. புதிதாகத் தோண்டாத தங்கம் வேண்டுமென்றால், பாட்டியின் பழைய வளையலே இருக்கிறது. கடை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் கைக்கு வருவது வேறு தங்கம். தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து, கண்ணெதிரே உருக்கச் சொல்லுங்கள். செய்த மோதிரத்தின் தூய்மையை பிஐஎஸ் அங்கீகரித்த மையத்தில் சிறு கட்டணத்தில் சோதித்துக்கொள்ளலாம்.